நெகட்டிவ் என்றால் நல்லது இல்லை

புற்றுக்கட்டிக்குள் எந்த ஜீன் அடங்கியிருக்கிறது, எது ஆட்டம் போடுகிறது என்று பார்த்துச் சொல்லும் லேபில், ரிப்போர்ட்டைக் கொடுத்து விளக்குவது என் வேலை. மண்ணூர்பேட்டையில் எங்கள் நாற்காலிகளில் நீங்களும் காத்திருந்தவர் என்றால், நான் புதிதாக ஒன்றும் சொல்லப் போவதில்லை.

மைசூர்பாகு

கொரட்டூரிலிருந்து வந்தவர் கார்த்திக், ஐ.டி. வேலை. அப்பாவுக்கு நுரையீரலில் புற்று. ஒரு குறிப்பிட்ட ஜீன் மாறிப்போய் ஓயாமல் வேலை செய்துகொண்டிருந்தால், அதை அடக்க மாத்திரை உண்டு. அது மாறியிருக்கிறதா என்று பார்க்கத்தான் டாக்டர் அனுப்பியிருந்தார்.

'நெகட்டிவ்' என்ற ரிப்போர்ட் அவர் போனுக்குப் போன ஒரு மணி நேரத்தில் நேரிலேயே வந்துவிட்டார், கையில் மைசூர்பாகு டப்பாவோடு. எனக்கும் ஒரு துண்டு நீட்டினார். அதைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன்: நெகட்டிவ் என்றால் அந்த ஜீன் மாறவில்லை, அதனால் அந்த மாத்திரை அப்பாவுக்குக் கேட்காது. டப்பாவை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

"அம்மா சாமி ரூம்ல விளக்கேத்திட்டாங்க சார். இப்ப நான் போய் என்னன்னு சொல்றது?"

போதவில்லை

சில சமயம் ஊசியில் எடுத்த சதை துளியூண்டுதான் வரும், பரிசோதனைக்குக் காணாது. திரும்ப எடுக்க வேண்டும் என்று பூந்தமல்லியில் இட்லிக் கடை போட்டிருக்கும் ஒரு அம்மாவிடம் சொன்னேன். வலிக்குமா என்று அவர் கேட்கவில்லை.

"ஒடம்பு பூரா அதான் கீதுன்றாங்க. உங்களுக்கு மட்டும் பத்தலையா நைனா?"

ஒரு தாள்

ஆவடியிலிருந்து ஒரு தாய் வந்தார். மகளுக்கு முப்பத்திரண்டு வயது, மார்பில் கட்டி. ஜீன் என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே, பெற்றவளிடமிருந்து வந்த வியாதி என்று மகளின் மாமியார் பேச ஆரம்பித்துவிட்டாராம்.

நாங்கள் கட்டிக்குள் நடப்பதை மட்டும்தான் பார்த்தோம், பரம்பரையா என்று பார்க்க வேறு பரிசோதனை என்று விளக்கினேன். அப்படியென்றால் தன்னால் வரவில்லை என்று எழுதித் தரச் சொன்னார். பார்க்காததை எழுத முடியாது என்றேன். ரிப்போர்ட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"என்னாலதான் வந்துச்சுன்னும் நீங்க சொல்லல, இல்ல? அதையாவது எழுதிக் குடுங்க சார்."

எழுதித் தர எனக்கு அதிகாரம் இல்லை.

சட்டைப் பையில்

மெழுகில் பதித்த சதைத் துண்டை, வேலை முடிந்ததும் கேட்டால் திருப்பிக் கொடுப்போம். வேறு டாக்டரிடம் காட்டத்தான் வாங்கிப்போவார்கள். முத்தாபுதுப்பேட்டை ஆட்டோக்காரர் ஏழுமலை, மனைவியுடையதைக் கேட்டு வந்தார். எந்த ஆஸ்பத்திரிக்கு என்று கேட்டேன். மனைவி போன வாரமே இறந்துவிட்டதாகச் சொன்னார்.

நான் பேனாவை வைத்துவிட்டேன். அவர் அந்த மெழுகு வில்லையைச் சட்டைப் பையில் போட்டு, மேலே கையை வைத்து மூடிக்கொண்டார். அது வியாதி பிடித்த சதைதானே அண்ணே, எதற்கு என்று கேட்டேன்.

"தெரியும் சார். அவளுதுல எரியாம மிச்சம் கீறது இது ஒண்ணுதான்."

கட்டிக்குள் எந்த ஜீன் என்ன செய்கிறது என்று ஆறு பக்கத்துக்கு எழுதிக் கொடுக்கிற எங்களுக்கு, எதிரே நிற்கிற ஆளிடம் பேச ஆறு வார்த்தை கிடையாது.