கச்சேரிக்குப் போகும் வழி

வருடம் முழுக்க ஒரு நாள்கூட லீவு போடாதவர்களுக்கு என் அத்தை வேலை பார்த்த தொழிற்சாலையில் பரிசு கொடுப்பார்கள். ஒரு வருடம் எவர்சில்வர் தூக்கு, மறு வருடம் சுவர்க் கடிகாரம். இரண்டாயிரம் பிறந்த புதிதில், யாருக்கு வந்த யோசனையோ, சென்னையில் ஒரு பெரிய உள்ளரங்கத்தில் நடக்கவிருந்த பாப் கச்சேரிக்கு ஆளுக்கு இரண்டு டிக்கெட் கொடுத்தார்கள். பம்பாயிலிருந்து ஒரு பாடகி வருவதாகப் பேச்சு. அவள் பாட்டு ஒலிக்காத டீக்கடை அப்போது செங்கல்பட்டில் இல்லை.

அத்தை அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். இரண்டில் ஒன்று அவளுக்கு, இன்னொன்று எனக்கு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. யாரும் அப்படிச் சொல்லவில்லை என்பது உண்மைதான். ஆனால் பதினோரு வயதில் அதையெல்லாம் யாராவது சொல்ல வேண்டுமா? வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். பாடகியின் இடுப்பசைவுகளைக் கண்ணாடி முன் பழகவும் ஆரம்பித்திருந்தேன்.

கச்சேரிக்குப் பத்து நாள் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, "வா பாப்பா, எடத்தப் பாத்துட்டு வந்துரலாம்" என்று அத்தை என்னைக் கூப்பிட்டாள். பகலில் ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டால் அன்றைக்குத் தடுமாற வேண்டாம் என்றாள். மின்சார ரயிலில் ஏறிப் போனோம். பார்க் ஸ்டேஷனில் இறங்கி, ஆட்டோ வைத்துக்கொண்டு அரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசல் கேட் பூட்டியிருந்தது.

"கச்சேரி அடுத்த வாரம்மா. இப்ப வந்து நின்னுகினு கீற?" என்றார் வாட்ச்மேன்.

"தெரியும் அண்ணாத்த. வழி எப்டி கீதுன்னு பாக்கணும். ரெண்டே நிமிசம்."

அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டைத் திறந்தார். உள்ளே இரண்டு பையன்கள் பூப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பெரிய கூரையை அதுவரை நான் பார்த்ததில்லை. பாடகி எங்கே நிற்பாள், எனக்கு எவ்வளவு கிட்டத்தில் தெரிவாள் என்றுதான் என் கவலை. அத்தை மேடைப் பக்கம் திரும்பவே இல்லை. முன்வாசல் படிகளை எண்ணினாள். கைப்பிடிக் கம்பி இருக்கிறதா என்று தேடினாள். கழிப்பறைக்குள் போய்க் கதவின் அகலத்தைக் கையை விரித்து அளந்தாள். கடைசியில், பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளையெல்லாம் எந்த வழியாக உள்ளே கொண்டுபோவார்கள் என்று வாட்ச்மேனைக் கேட்டாள்.

பின்பக்கம் சிமெண்டில் ஒரு சரிவுப் பாதை இருந்தது. அத்தை அதில் இடது காலை மடக்காமல் விறைப்பாக வைத்து, இடுப்பை எக்கி எக்கி ஏறினாள். மேலே போய்த் திரும்பி, அதேபோல இறங்கினாள். வாட்ச்மேன் சிரித்தார். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அது என் அம்மாவின் நடை.

அம்மாவுக்கு மூன்று வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போயிருந்தது. இரும்புப் பட்டை பூட்டிய பூட்ஸும் கக்கத்துக் கட்டையுமாகத்தான் நடப்பாள். கோர்ட்டுக்கு எதிரே எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தாள். டெல்லி, கல்கத்தா, பம்பாய் என்று எந்த ஊரின் கோடு எண்ணைக் கேட்டாலும் யோசிக்காமல் சொல்வாள். ஆனால் தாம்பரத்தைத் தாண்டிப் போனதில்லை. ஒரு கல்யாண மண்டபத்துப் படியில் எல்லோர் முன்னாலும் விழுந்ததிலிருந்து, படி இருக்கும் எந்த இடத்துக்கும் அவள் வருவதில்லை.

திரும்பும்போது ரயிலில் அத்தை சந்தோஷமாக இருந்தாள். மதியம் ஷிஃப்ட் இருந்ததால் சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்க வேண்டும். அதற்குச் சற்று முன் சொன்னாள்: "அந்த டிக்கெட்டு அண்ணிக்கி. இன்னும் சொல்லல. படி கிடின்னு பயந்துகினு வேணான்னுடும். நீ வூட்டுக்குப் போனதும் அந்த சரிவு வழிய சொல்லு. வரும்போது கம்பெனி வேன்லயே வந்துரலாம்னு உங்கப்பன்கிட்ட சொல்லு. இன்னா?"

"அப்ப நானு?"

"நீ இன்னும் எத்தினி கச்சேரி பாக்கப்போற!" என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

மீதி இரண்டு ஸ்டேஷனும் அழுதுகொண்டே போனேன். செங்கல்பட்டில் அப்பா காத்திருந்தார். வீட்டுக்குப் போனதும், டிக்கெட் அம்மாவுக்காம் என்று சொன்னேன். அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது.

"எனக்கா?" என்றாள். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அப்பா என்னைப் பார்த்தார். "நீதான் போய் பாத்தியே. இவ ஏர்ற மாதிரி கீதா?"

"எல்லாம் படிதான். அம்பது அறுபது படி. வேற வழியே இல்ல" என்றேன்.

அம்மா மறுபடி பூண்டை எடுத்தாள். "பரவால்ல. பாப்பா போய்ட்டு வரட்டும். எனக்கு எதுக்கு அதெல்லாம்" என்றாள்.

வேண்டியது கிடைத்துவிட்டது. ஓடிப்போய்க் கண்ணாடி முன் நின்றேன். ஆட வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அம்மா என் பச்சைப் பாவாடையை எடுத்து இஸ்திரி போட உட்கார்ந்தாள். பத்து நாள் கழித்து உடுத்தப் போகும் பாவாடை.

"அவ இன்னா கலர் டிரஸ் போட்டுகினு வரான்னு பாத்து வெய். எப்டி ஆடறா, எந்தப் பாட்டு மொதல்ல பாடறா, எல்லாம் வந்து எனக்குச் சொல்லணும், இன்னா?"

சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. "பின்னாடி வழி கீதும்மா. படியே இல்ல. அத்த உன்ன மாதிரியே நடந்து பாத்துச்சு" என்றேன்.

அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"எவ்ளோ அகலம்?"

கையை விரித்துக் காட்டினேன்.

"வழுக்குமா?"

"சொரசொரப்பா கீது."

"கக்கூஸு?"

"பூட்ஸோட போலாமாம். அத்த அளந்துச்சு."

அம்மா என் நோட்டைப் பிடுங்கி, அந்தப் பாதையை வரைந்து காட்டச் சொன்னாள். வரைந்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்பாவைக் கூப்பிட்டு அவரிடமும் காட்டினாள். நான் சொன்ன பொய்யைப் பற்றி அன்றும் சரி, பிறகும் சரி, யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அத்தையிடம் அது போய்ச் சேர்ந்ததா என்பதும் எனக்குத் தெரியாது.

கச்சேரியன்று அம்மா மயில் கழுத்துப் பச்சையில் புடவை கட்டி, பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அத்தை ஒரு பையில் தண்ணீர், எலுமிச்சம்பழச் சோறு, பூட்ஸ் பட்டைக்கு மாற்று ஸ்க்ரூ, ஸ்பேனர் எல்லாம் வைத்திருந்தாள். பாப் கச்சேரிக்கு ஸ்பேனரோடு போன ஒரே ஆள் அவளாகத்தான் இருக்கும். ரயில் நகர்ந்தபோது ஜன்னலிலிருந்து அம்மா எனக்குக் கையாட்டினாள். நான் ஆட்டவில்லை.

மறுநாள் காலை நான் எழுந்தபோது அம்மா பூத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். தொண்டை சுத்தமாகக் கட்டியிருந்தது. காற்றுதான் வந்தது.

"மொதல்ல இன்னா பாட்டு பாடுனா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் காதுல உழல. ஒரே கூச்சல்."

"யாரு கத்துனது?"

"எல்லாரும்தான். நானும்" என்றாள் அம்மா. உள்ளிருந்து அத்தை சிரித்தாள். அம்மாவும் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. அவ்வளவு திட்டம் போட்டு, அவ்வளவு தூரம் போய், ஒரு பாட்டைக்கூட ஒழுங்காகக் கேட்காமல் வந்திருக்கிறாளே. நானாக இருந்திருந்தால் வாயை மூடி உட்கார்ந்து அத்தனை பாட்டையும் கேட்டுவிட்டு வந்திருப்பேன், ஒரு டிக்கெட் வீணாகிவிட்டதே என்று அன்று பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன்.