பிரேக் அக்காவின் வலது கால்

எங்கள் தெருவில் என் அக்காவின் பெயர் யாருக்கும் தெரியாது. கேட்டால், "யாரு, பிரேக் அக்காவா?" என்பார்கள். கார் ஓட்டக் கற்றுத்தருவது அவள் தொழில். பயிற்சிக் காரில் கற்றுத்தருபவர் உட்காரும் பக்கமும் தனியாக ஒரு பிரேக் பெடல் இருக்கும். ஓட்டுகிறவர் நாய், சுவர், லாரி என்று எதன் மேல் ஏறப் போனாலும் அக்காவின் வலது கால் முந்திக்கொண்டு அந்தப் பெடலில் இறங்கிவிடும். இந்த ஊரில் பாதிப் பேர் முழு எலும்போடு நடமாடுவது அந்தக் காலின் புண்ணியத்தில்தான்.

சிக்கல் என்னவென்றால், வேலை நேரம் முடிந்தும் அந்தக் கால் ஓய்வதில்லை. டிவியில் யாராவது வேகமாகக் கார் ஓட்டினால் சோபாவில் உட்கார்ந்தபடியே தரையை மிதிப்பாள். நான் வாணலியில் எண்ணெய் கொஞ்சம் அதிகமாக ஊற்றினால்கூடப் பின்னாலிருந்து 'தொம்' என்று சத்தம் வரும். அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று இதுவரை இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவர் பஸ் டிப்போவில் வேலை பார்த்தவர், இன்னொருவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். இருவரோடும் நன்றாகப் பேசினாள், சிரித்தாள், டீ குடித்தாள். விஷயம் கைகூடி வருகிற சமயம் பார்த்து 'தொம்'. அதோடு சரி. இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டாள்.

நான் தங்கை. டிரைவிங் ஸ்கூலின் போனும் மேஜையும் என் பொறுப்பு. எனக்கு லைசன்ஸ் கிடையாது. ஏன் என்று கேட்பவர்களை, ஒரே ஒரு தடவை அந்தக் காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

இந்த லட்சணத்தில்தான் மீன்தொட்டிக்காரர் வந்து சேர்ந்தார். வீடு வீடாகப் போய் மீன்தொட்டி வைத்துக் கொடுத்து, மாதாமாதம் கழுவித் தருகிறவர். வேன் வாங்க ஆசைப்பட்டு ஓட்டக் கற்க வந்தார். அவர் ஓட்டினால் டேஷ்போர்டில் வைத்த தண்ணீர் டம்ளர் தளும்பாது. பின்னால் தொட்டியும் மீனும் இருப்பதாகவே நினைத்து ஓட்டுவாராம். முதல் நாள் முடிந்து வந்த அக்கா செருப்பைக் கழற்றி, தன் வலது காலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, சுளுக்கா?"

"இல்லடி. அவர் ஓட்டினப்ப இந்தக் காலுக்கு வேலையே இல்ல. சும்மா இருந்துச்சு."

எனக்கு அப்போதே பொறி தட்டியது.

முதல் தடவையிலேயே அவருக்கு லைசன்ஸ் கிடைத்துவிட்டது. இனி வருவதற்குக் காரணம் வேண்டுமே? அடுத்த ஞாயிற்றுக்கிழமை விரிசல் விட்ட ஒரு மீன்தொட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அலுவலகத்துக்குள் வந்தார். பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்த தொட்டியாம். அதற்குள் பழைய செய்தித்தாளில் சுற்றி ஒரு பொம்மை இருந்தது. கை நீளம், சிவப்பு உடம்பு, நடுவில் ஒரு விசிறி, அதன் தலையில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு எஞ்சின், அடியில் பாவாடை மாதிரி ரப்பர் துணி.

"ஹோவர்கிராஃப்ட் மேடம். நம்ம வயசு இருக்கும் இதுக்கு. விசிறி காத்தை அடியில ஊதும். தரையிலிருந்து ஒரு விரல் உயரத்துக்கு மிதந்துக்கிட்டே போகும்."

அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சக்கரம்?"

"இல்ல."

"பிரேக்?"

"அதுவும் இல்ல."

"அப்ப எப்படி நிக்கும்?"

"பெட்ரோல் மாதிரி ஒண்ணு ஊத்தணும். அது தீர்ந்தா நிக்கும். இல்லன்னா எதுலயாவது முட்டி நிக்கும்."

மேஜைக்கு அடியில் 'தொம்' என்று கேட்டது.

எங்கள் காரின் எஞ்சினை அக்காவே பிரித்து மாட்டுவாள் என்று அவருக்குத் தெரியும். சரிசெய்து தர முடியுமா என்று கேட்டார். கேட்டவர் போகாமல் நின்றார். காதெல்லாம் சிவக்க, என்னை ஒரு மனுஷியாகவே மதிக்காமல், என் எதிரிலேயே சொன்னார்: "இன்னொண்ணும் கேக்கணும் மேடம். என்னைக் கட்டிக்கிறீங்களா?"

நான் போனை எடுத்து, வராத அழைப்புக்கு ஹலோ சொன்னேன். அக்கா எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தாள். விசிறியைத் திருகினாள், அசையவில்லை. அந்தத் தைரியத்தில் சொன்னாள்: "இது ஓடற அன்னைக்குப் பதில் சொல்றேன்."

இப்படித்தான் என் அக்காவின் கல்யாணம் எலுமிச்சம்பழ அளவு எஞ்சினிடம் போய் மாட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அலுவலகத்தின் பின்னறையில் கச்சேரிதான். இந்தச் சின்ன எஞ்சினுக்கு ஊற்றும் எரிபொருளில் விளக்கெண்ணெய் கலந்திருக்குமாம். வருஷக்கணக்கில் கிடந்ததில் அது உள்ளேயே இறுகி, பிஸ்டனைக் கோந்து போட்டு ஒட்டியது போல் பிடித்துக்கொண்டிருந்தது. வேகவைத்தால் இளகும் என்றாள் அக்கா. எதில்? என் குக்கரில். காருக்கு ஊற்றும் பச்சைக் கூலன்ட்டை ஊற்றி, வெயிட் போடாமல், சன்னமான தீயில் எஞ்சினை வேகவைத்தார்கள். அந்த நாற்றத்தில் பக்கத்துக் கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டார். நான் கத்தின கத்தல் அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். கூலன்ட் விஷம் என்பதால் அந்தக் குக்கரில் அதற்கப்புறம் ஒன்றும் சமைக்க முடியாது. இப்போது அதில் ஸ்பானர் போட்டு வைத்திருக்கிறோம்.

ஆனால் மூடியைத் திறந்து, இடுக்கியால் எஞ்சினை எடுத்து, துணியில் பிடித்து அக்கா விசிறியைத் திருப்பினாளே, அது வழுக்கிக்கொண்டு சுற்றியது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பில் எனக்குக் குக்கர் மறந்துபோனது. உண்மையைச் சொல்கிறேன், அரை மணி நேரம்தான் மறந்தது.

எரிபொருள் போகும் குழாய் இற்றுப்போயிருந்தது. மீன்தொட்டிக்குக் காற்று போகும் சிலிக்கான் குழாயில் ஒரு துண்டை வெட்டி மாட்டினார் அவர். அடிப்பாவாடை தொட்டாலே பொடிந்தது. அதற்குப் பதிலாக என் குடை போயிற்று. கறுப்புத் துணியை வெட்டி, அக்கா தைக்க, அவர் மீன்தொட்டிப் பசையால் ஒட்டினார். பொம்மை விமானம் விற்கும் கடையிலிருந்து எரிபொருளும் அதைப் பற்றவைக்கப் புது பிளக்கும் வந்தன. கடைசியாக அக்கா அதன் முதுகில் ஒரு 'எல்' போர்டு எழுதி ஒட்டினாள். கற்றுக்கொள்கிற வண்டி எதுவாக இருந்தாலும் சட்டம் சட்டம்தானாம்.

எல்லாம் தயார். ஓடத்தான் இல்லை.

பிளக்கில் பேட்டரியை வைத்துச் சூடாக்கி, விசிறியை விரலால் சுண்ட வேண்டும். அவர் சுண்டுவார், நான் பேட்டரியைப் பிடிப்பேன், அக்கா ஊசித் திருகைப் பார்த்துக்கொள்வாள். எரிபொருள் எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்று அளந்து விடும் குட்டித் திருகு அது. 'டப்' என்று ஒரு இருமல். மறுபடி 'டப், டப்'. இதோ பிடித்துவிட்டது என்று நினைக்கும்போது அணைந்துவிடும். எத்தனையோ ஞாயிறு இதே கதை. எஞ்சின் திருப்பி அடித்து அவர் விரல்களில் பிளாஸ்டர் கூடிக்கொண்டே போனது. திரும்பும்போது புது வேனைக் காட்டி, "வீட்ல விடட்டுமா மேடம்?" என்பார். "அந்தப் பக்கம் பெடல் இல்லாத வண்டியில நான் ஏறினதில்ல," என்பாள் அக்கா. அவர் தலையாட்டிவிட்டுத் தனியாகப் போவார்.

போன ஞாயிறும் அணைந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "இதுக்கு உயிர் இல்ல போல மேடம். அடுத்த வாரம் வந்து எடுத்துட்டுப் போயிடறேன். உங்களை ரொம்பத் தொந்தரவு பண்ணிட்டேன்."

எஞ்சினைப் பற்றித்தான் பேசுகிறார் என்று நினைக்க நான் என்ன குழந்தையா?

அவர் போனதும் கதவைச் சாத்தினேன். இரண்டு வாரமாக என் கண்ணில் பட்டுக்கொண்டிருந்த ஒரு விஷயத்தைக் கேட்டே விட்டேன்.

"ஏன்க்கா, ஒவ்வொரு தடவையும் அது பிடிக்கிற நேரத்துல உன் கட்டைவிரல் அந்தத் திருகை மூடுதே, அதுக்கு என்ன அர்த்தம்?"

அவள் பிளக்கைக் கழற்றித் துணியால் துடைக்க ஆரம்பித்தாள்.

"கால்ல போட்டது போதாதுன்னு இப்ப கையிலயும் பிரேக்கா? அந்த மனுஷன் விரலைப் பார்த்தியா? என் குக்கரைப் பார்த்தியா?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் வாய் சிரித்தது. "அது ஓடிட்டா நான் சரின்னு சொல்லிடுவேன்டி. எனக்கே தெரியும். அப்புறம் நிறுத்தணும்னு தோணினா என்ன பண்றது? பயமா இருக்கு."

"முட்டி நில்லு," என்றேன். "எல்லாரும் அப்படித்தான் நிக்கறோம்."

கோபத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். பெரிய தத்துவம் என்று அவளும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. வாரம் முழுவதும் என்னோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாள்.

இன்று காலை அவர் பொம்மையை எடுத்துப்போக வந்தார். காலித் தொட்டியைக் கையில் பிடித்திருந்தார். அக்கா ஹோவர்கிராஃப்டைத் தூக்கிக்கொண்டு, "வெளியே வாங்க," என்று மட்டும் சொன்னாள். நான் ஸ்பானர் குக்கரைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். அலுவலகத்துக்குப் பின்னால்தான் எங்கள் பயிற்சி மைதானம். வழவழப்பான சிமென்ட் தரை, மஞ்சள் கூம்புகள், கடைசியில் ஒரு சுவர்.

பேட்டரியை என்னிடம் கொடுத்தாள். ஊசித் திருகைத் தாராளமாகத் திறந்தாள். கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"சுண்டுங்க."

அவர் தொட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பிளாஸ்டர் விரலால் சுண்டினார். 'டப்'. இன்னொரு தடவை. அவ்வளவுதான், 'வீஈஈஈ' என்று ஒரு அலறல்! பல் மருத்துவரின் மெஷினை நூறு மடங்காக்கினால் வரும் சத்தம். விளக்கெண்ணெய்ப் புகை கிளம்பியது. என் குடை புஸ்ஸென்று உப்பியது. 'எல்' போர்டோடு அது தரையை விட்டு எழும்பி, குலுங்கி, ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கிளம்பியது பாருங்கள்!

முதல் கூம்பு போயிற்று. இரண்டாவது கூம்பைச் சுற்றிக்கொண்டு எங்களை நோக்கியே வந்தது. நாங்கள் மூன்று பேரும் அலறிக்கொண்டு ஓடினோம். நடுவயதில் இருக்கிற மூன்று பேர், ஒரு பொம்மைக்குப் பயந்து! மறுபடி திரும்பி, நேராகச் சுவரைப் பார்த்துப் பறந்தது. நானும் அவரும் ஒரே சமயத்தில் வலது காலால் தரையை ஓங்கி மிதித்தோம். தொம்! தொம்!

மூன்றாவது தொம் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அக்கா இரண்டு காலையும் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தாள். "போ! போ! போ!"

அது போய் முட்டி நின்றது. மூக்கில் ஒரு விரிசல். எஞ்சின் இரண்டு தடவை இருமி அடங்கியது. திடீரென்று மைதானம் அமைதியாகிவிட, எங்கள் மூச்சுச் சத்தம்தான் கேட்டது.

"ஓடிடுச்சு மேடம்," என்றார் அவர். அதற்கு மேல் கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

அக்கா முகத்தில் தெறித்த எண்ணெயைத் துடைத்தாள். "உங்க வேன் எங்க நிக்குது?"

அவர் கையைக் காட்டினார். அவள் நேராகப் போய், பெடல் இல்லாத பக்கத்துக் கதவைத் திறந்து, ஏறி உட்கார்ந்தாள். அந்த மனுஷனுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் ஓடினார் பாருங்கள், தொட்டியை என் தலையில் கட்டிவிட்டு ஓடினார். ஒரு கையில் தொட்டியும் மறு கையில் குக்கருமாக நான் நடுமைதானத்தில் நின்று அழுதுகொண்டே சிரித்தேன். என்னையும் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

வேன் வழக்கம்போல் தண்ணீர் தளும்பாத வேகத்தில் ஊர்ந்து வாசலைத் தாண்டியது. திறந்த ஜன்னல் வழியாக அக்காவின் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன்!"