தேவபிச்சை அத்தானுக்கு நேரமில்லை

எங்கள் அக்காள் புருஷன் தேவபிச்சையைச் சங்கரன்கோவிலில் மைக்செட் தேவபிச்சை என்றால்தான் தெரியும். கல்யாணம், சடங்கு, கோவில் கொடைவிழா, கட்சிக் கூட்டம், சபைகளின் கன்வென்ஷன் கூட்டம், எதுவானாலும் பக்கத்து மரத்தில் இவருடைய குழாய் ஸ்பீக்கர்தான் தொங்கும். குழாயின் வாயைச் சுற்றி ‘ஞானப்பூ சவுண்ட் சர்வீஸ்’ என்று சிவப்புப் பெயிண்டில் எழுதியிருப்பார். ஞானப்பூ என் அக்காள். பெண்டாட்டி பெயரை ஊர் ஊராகக் கட்டித் தொங்கவிட்ட மனிதர், அவள் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்தாரா என்று என்னிடம் கேட்காதீர்கள். கேட்டால் எனக்கு ஆத்திரம்தான் வரும்.

ஆள் கெட்டவர் இல்லை. குடி கிடையாது, சீட்டு கிடையாது, ஒருவரைக் கைநீட்டி அடித்தது கிடையாது. கெட்டவராக இருந்திருந்தால் நான் இரண்டு சாபம் கொடுத்துவிட்டு என் பள்ளிக்கூட வேலையைப் பார்த்துக்கொண்டு போயிருப்பேன். நல்ல மனிதராக இருந்து தொலைத்தாரே, அதுதான் இன்றைக்கும் வயிற்றெரிச்சல்.

எழுபதாம் வருஷத்தை ஒட்டி அவர் சைக்கிள் கடைதான் வைத்திருந்தார். நான் டீச்சர் டிரெய்னிங் முடித்துவிட்டு அக்காள் வீட்டில் இருந்தேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அத்தான் கடையைப் பூட்டிவிட்டு, கையிலிருக்கும் கிரீஸை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டு வந்துவிடுவார். குடும்ப ஜெபம். ஒரு கீர்த்தனை, வேதப்புத்தகத்தில் ஒரு அதிகாரம், அப்புறம் மூன்று பேரும் முழங்காலில் நிற்போம். அத்தான் ஜெபிக்க ஆரம்பித்தால் லேசில் முடிக்க மாட்டார். தபால்காரரின் கால்வலியைச் சொல்லுவார். குருவிகுளத்துப் பக்கம் மழையில்லாமல் பருத்தி கருகுவதைச் சொல்லுவார். பக்கத்து வீட்டு மகபூப் பீவியின் மகன் பட்டாளத்தில் இருந்தான். அவன் பேரைச் சொல்லி, எந்த மலையில் குளிரில் நிற்கிறானோ என்று கடவுளிடமே விசாரிப்பார். எனக்குப் பசி காதை அடைக்கும். ‘கர்த்தாவே, இவர் வாயைக் கொஞ்சம் அடையும்’ என்று நான் தனியாக ஒரு ஜெபம் பண்ணிக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் திருட்டுத்தனமாகக் கண்ணைத் திறந்து பார்த்தேன். அத்தான் கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எதிரில் யாரோ நிற்பது போலப் பேசிக்கொண்டிருந்தார். ஆமென் சொன்னதும் எங்கள் வழக்கப்படி ஒருவருக்கொருவர் கைகூப்பி ‘ஸ்தோத்திரம்’ சொல்லுவோம். அத்தான் அக்காளுக்குச் சொல்லுவார், அக்காள் அத்தானுக்குச் சொல்லுவாள். பிள்ளை இல்லாத வீடு அது. ஆனாலும் அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்தால் ஒரு குறையும் இல்லாதவள் போல இருப்பாள்.

மைக்செட் வந்ததும் நல்ல எண்ணத்தில்தான். கிறிஸ்துமஸ் பஜனைக்கு ஆம்பிளிபயர் கிடைக்காமல் சபையார் அலைந்தார்கள். “நாமளே ஒண்ணு வாங்கிப் போட்டா கோயிலுக்கும் ஆகும், பொழப்புக்கும் ஆகும்” என்றார் அத்தான். வாங்கினார். அடுத்த ஆடித்தபசுத் திருவிழாவுக்கே ஆட்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். தை வந்தால் கல்யாணம், சித்திரை வந்தால் கொடை, இடையில் தேர்தல். ராயகிரியில் ஒரு குழாய், கரிவலத்தில் ஒரு குழாய், நடுவில் இவர்.

ஜெபம் ஒரே நாளில் நின்றுபோகவில்லை. அப்படி நின்றிருந்தால் யாராவது பதறியிருப்போம். முதலில் கீர்த்தனை போயிற்று, தொண்டை கட்டியிருக்கிறது என்றார். கொஞ்ச நாளில் அதிகாரம் ஒரு வசனமாகச் சுருங்கியது. பிறகு சட்டைப் பித்தானை மாட்டிக்கொண்டே, எல்லோருக்கும் மனப்பாடமான பரமண்டல ஜெபத்தை மட்டும் சொன்னார். ஒரு சாயங்காலம் வாசலில் வண்டி நின்று ஹாரன் அடித்தது. “ஞானப்பூ, நீயே பண்ணிரு. நான் போற வழியில ஆமென் சொல்லிக்கிடுதேன்” என்று ஓடினார். அக்காள் சிரித்தாள். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபைக் கோவிலுக்கு வருவார், ஆனால் மைக்கோடு வருவார். எல்லோரும் பிரசங்கம் கேட்பார்கள், இவர் மைக் கேட்பார். ஒருதரம் ஆராதனை முடிந்து வரும்போது, “இன்னைக்குப் பாதிரி ஐயர் எதப்பத்திப் பேசுனாரு அத்தான்?” என்றேன்.

“யாருக்குட்டி தெரியும்? கரகரப்பு கூடிப் போச்சுன்னு நான் பதறிக்கிட்டுக் கெடந்தேன்” என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

எண்பத்தி மூன்றாம் வருஷம் அக்காளுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்துவிட்டு, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அக்காளுக்குத் தெரிந்தது. அவள் அழவில்லை. அத்தானிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“இங்கேருங்க, முன்ன மாதிரி சாயங்காலம் எம் பக்கத்துல முழங்கால் போட்டு ஒரு ஜெபம் பண்ணுங்க. அது போதும் எனக்கு. மருந்துகூட வேண்டாம்.”

“பண்ணுதேன் தாயி, பண்ணாம இருப்பனா? இந்தத் தை மட்டும் கழியட்டும். முகூர்த்தம் பூராவும் வாக்குக் கொடுத்துட்டேன்.”

தை கழிந்தது. மாசியில் வேறு வேலை வந்தது. நான் பள்ளிக்கூடம் விட்டு அக்காளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அவள் கண் வாசலில்தான் இருக்கும். சைக்கிள் சத்தம் கேட்டால் தலையைத் தூக்குவாள். எனக்குத் தாங்கவில்லை. நேராகக் கடைக்குப் போய், நாலு பேர் முன்னாலேயே பிடித்துக்கொண்டேன்.

“ஊர்ல உள்ளவன் கல்யாணத்துக்கெல்லாம் நேரம் இருக்கு. ஒங்க பொண்டாட்டிக்கு ஒரு ஜெபம் பண்ண நேரம் இல்லையா அத்தான்?”

“ஏட்டி நேசம், நான் என்ன சும்மாவா சுத்துதேன்? எத்தனை ஜெபக் கூட்டத்துக்கு மைக் கட்டுதேன் தெரியுமா? அதுவும் கர்த்தருக்குச் செய்யுத வேலைதானே? அவருக்குத் தெரியாதா?”

“அவருக்குத் தெரியும். அவளுக்குத் தெரியலயே!” என்று கத்திவிட்டு வந்தேன்.

அது அவர் மனசில் தைத்திருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து ஒரு டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்து அக்காள் தலைமாட்டில் வைத்தார். பெரிய காரியம் செய்துவிட்ட முகம். தன் ஜெபத்தைக் கேசட்டில் பதிந்து கொண்டுவந்திருந்தார்! “சாயங்காலம் ஆனா இந்தப் பொத்தான அமுக்கு ஞானப்பூ. நான் எங்க இருந்தாலும் ஒனக்கு ஜெபம் பண்ணிருவேன்” என்றார். மைக்செட்காரனுக்குத்தான் இப்படி ஒரு யோசனை வரும். சொல்லிவிட்டு வண்டியேறிவிட்டார்.

நாங்கள் போட்டுக் கேட்டோம். ‘இரக்கமுள்ள பிதாவே, என் மனைவியை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறேன்’ என்று குரல் வந்தது. பழைய குரல்தான். அக்காள் கண்ணை மூடிக் கைகூப்பினாள். அதற்குள், ‘ஏலே, பெட்டிய அங்கன வைக்காத, தண்ணி படும்’ என்று ஒரு சத்தம். பிறகு மறுபடியும், ‘அவளுக்குச் சுகத்தைத் தாரும், ஆமென்.’ அவ்வளவுதான். கடையில் நின்றுகொண்டே பதிந்திருக்கிறார். பதிந்ததைத் திரும்பப் போட்டுக் கேட்கக்கூட அவருக்கு நேரம் இருந்திருக்காது.

நான் அந்தப் பெட்டியைத் தூக்கித் தெருவில் எறியப் போனேன். அக்காள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கெடக்கட்டும்ட்டி. சத்தமாவது வீட்டுல இருக்கட்டும்.”

அன்றிலிருந்து தினமும் விளக்கு வைத்ததும் அதைப் போடுவாள். ‘பெட்டிய அங்கன வைக்காத’ வரும்போதும் கூப்பிய கையை இறக்க மாட்டாள். முடிந்ததும் அவளே ஆமென் சொல்லி, அந்தப் பெட்டியைப் பார்த்து ‘ஸ்தோத்திரம்’ என்பாள். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

பங்குனியில் ஒருநாள் காலையில் அவளுக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. மகபூப் பீவி நெஞ்சைத் தடவிவிட்டாள். அக்காள் என்னைப் பார்த்து, “அவுகளக் கூட்டிட்டு வந்துரு. ஒரே ஒரு ஜெபம். இனி கேக்க மாட்டேன்னு சொல்லு” என்றாள்.

அத்தான் கரிவலம்வந்தநல்லூருக்குப் பக்கத்தில் ஒரு உபவாச ஜெபக் கூட்டத்தில் இருந்தார். பஸ் பிடித்துப் போனேன். பந்தல் நிறைய ஜனம், எல்லோரும் பட்டினி இருந்து ஜெபிக்க வந்தவர்கள். அத்தான் ஓரத்தில் ஆம்பிளிபயரோடு போராடிக்கொண்டிருந்தார். குழாய் வீல் வீலென்று கத்தியது.

“அத்தான், அக்கா கூப்பிடுதா. மூச்சு இழுக்கு. இப்பவே வாங்க.”

அவர் முகம் செத்துப்போயிற்று. கல்நெஞ்சக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே போட்டுவிட்டு ஓர் எட்டு எடுத்து வைத்தார். அதற்குள் குழாய் மறுபடி கத்தியது. மேடையிலிருந்த பிரசங்கியார் இவரைப் பார்த்தார். கூட்டத்தை நடத்துகிற தங்கப்பழம் அண்ணாச்சி கையைக் காட்டினார். அத்தான் திரும்பிவிட்டார்.

“கடைசி ஜெபந்தான் நேசம். இது ஒண்ணு முடியட்டும். நான் விட்டுட்டு வந்தா இத்தனை ஜனத்துக்கும் எப்பிடிக் கேக்கும்?”

பிரசங்கியார் எல்லோரையும் முழங்காலில் நிற்கச் சொன்னார். குழந்தை முதல் கிழவர் வரை பந்தலே முழங்காலில் நின்றது. இவர் ஒருத்தர் மட்டும் நின்றபடி குமிழைத் திருகிக்கொண்டிருந்தார். வியாதியாய்ப் படுத்திருக்கிறவர்களுக்காக ஜெபிப்போம் என்று பிரசங்கியார் கண்ணீர் விட்டு ஜெபித்தார். அது எங்கள் அக்காள் பெயர் எழுதின குழாய் வழியாக ஊருக்கெல்லாம் கேட்டது. இவர் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. எனக்கு அன்றைக்கு முழங்கால் மடங்கவில்லை. கோபத்தில் அப்படியே நின்றேன். ஆமென் ஆனதும் அவர் கை பழக்கத்தில் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தது. நான்தான் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

வீட்டு வாசலில் மகபூப் பீவி முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். எங்களைப் பார்த்ததும் சத்தம் போட்டு அழுதாள். அக்காளை நேராகக் கிடத்தி, கண்ணை மூடிவிட்டிருந்தார்கள். உடம்பில் சூடுகூட இருந்தது.

“ரொம்ப நேரம் ஒங்க வழியப் பாத்தா அண்ணாச்சி. பெறகு அந்தப் பெட்டியப் போடச் சொன்னா. செல் தீந்துருச்சு போல, ஒங்க சத்தம் இழுத்து இழுத்து யாரோ மாதிரி வந்துச்சு. அவளே நிப்பாட்டச் சொல்லிட்டா. யாராவது ஜெபம் பண்ணுங்கன்னா. வீட்டுல நான் ஒருத்திதான் இருந்தேன். எனக்கு ஒங்க ஜெபம் தெரியாதே, எங்க துஆவத்தான் கேட்டேன். அதுக்கு ஆமென்னு சொன்னா. என்னையப் பாத்துக் கைகூப்புனா. அதோட போயிட்டா.”

அந்த ஸ்தோத்திரம் யாருக்குச் சேர வேண்டியது என்று அந்த மனிதருக்குத் தெரியும். கட்டிலைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் விழுந்தார். “கர்த்தாவே” என்றார். அதற்கு மேல் வரவில்லை. வாய் திறந்து திறந்து மூடியது. தபால்காரரின் கால்வலிக்கெல்லாம் அழுத வாய் அது. கடைசியில் மகபூப் பீவியைத் திரும்பிப் பார்த்தார்.

“நீங்க என்ன சொல்லிக் கேட்டீய தாயி? எனக்கும் சொல்லிக்குடுங்க.”

“பெருசா ஒண்ணுமில்ல அண்ணாச்சி. ‘இவ வலியக் கொறச்சிரு, இவளத் தனியா விட்டுராத’ன்னு கேட்டேன்.”

அதையும் அவரால் சொல்ல முடியவில்லை.

அடக்கம் பண்ணின அன்று சாயங்காலம் வீட்டு ஜெபத்தைச் சபை உபதேசியார்தான் செய்தார். முப்பதாம் நாள் ஜெபம்கூட முடியவில்லை, அத்தான் மறுபடியும் கல்யாணங்களுக்குக் குழாய் கட்டப் போக ஆரம்பித்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, கிழி கிழியென்று கிழித்துவிட்டு வரக் கடைக்குப் போனேன். மனிதர் ஒயருக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது.

“இன்னமுமா ஒங்களுக்கு நேரமில்ல? யாருக்கு ஓடுதிய அத்தான்? வீட்டுல ஒரு ஜெபம் பண்ணுனியளா?”

அவர் தலையைத் தூக்கவில்லை.

“நேரம் இருக்கு நேசம். இப்ப ராத்திரி பகல் பூராவும் நேரந்தான். முழங்கால் போட்டா, ‘இன்னைக்கு மட்டும் ஒனக்கு எப்பிடி நேரம் கெடச்சிது’ன்னு கர்த்தர் கேட்டுருவாரு. அதுக்குப் பயந்துதான் வேலைக்கு ஓடுதேன்.”

திட்டுவதற்காகப் போனவள் நான். அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன். வாசலில் வண்டி வந்து நின்றது. அவர் எழுந்து, குழாயைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு போனார்.