நான்கு பேர், ஒரு ரிசர்வ்

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. இன்றைக்கும் வராது. டாக்டரிடம் போனால் டோக்கன் கூப்பிடுவதற்குள் வாசலுக்கும் உள்ளுக்குமாக நாலு நடை நடந்துவிடுவேன். என்ன முடிவு வரப்போகிறதோ என்று காத்துக் கிடப்பதைப் போலப் பேஜாரான வேலை உலகத்தில் வேறு இல்லை என்பது என் கட்சி. அந்த அரிப்பினால்தான், ஹாக்கி செலக்‌ஷனில் யாரை எடுப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லும் பழக்கம் எனக்கு வந்தது.

எண்பதுகளின் நடுவில் திண்டிவனத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். பள்ளி டீமில் லெஃப்ட் அவுட், இடது ஓரமாக ஓடுகிற ஆள். சுமாராக ஆடுவேன். ஆனால் ஆட்டத்தைவிட என் லிஸ்டுக்குத்தான் மவுசு அதிகம். செலக்‌ஷன் நடக்கும்போது எல்லோரும் பந்தைப் பார்ப்பார்கள், நான் செலக்டரைப் பார்ப்பேன். குடைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் மனிதர் எப்போது பென்சிலைக் கையில் எடுக்கிறார், யார் ஓடும்போது கழுத்தைத் திருப்புகிறார், யாரைக் கூப்பிட்டு “எந்த ஸ்கூல்மா?” என்று கேட்கிறார், எல்லாவற்றையும் கவனிப்பேன். ஸ்கூல் பெயரைக் கேட்டால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. அப்பா என்ன உயரம் என்று கேட்டுவிட்டால் அவள் டீமில் இருக்கிறாள் என்று அர்த்தம். இதையெல்லாம் வைத்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் பேர்களை எழுதி மடித்து வைப்பேன். லிஸ்ட் ஒட்டியதும் பிரிப்பேன். பதினொன்றில் ஒன்பது, சில சமயம் பத்து சரியாக இருக்கும். ஆரம்பத்தில் என்னைக் கிளி ஜோசியக்காரி என்று கேலி செய்த சீனியர் அக்காமார்களே பிறகு தனியாக வந்து, “உன் லிஸ்ட்ல என் பேரு இருக்குதான்னு பாருடி” என்று கெஞ்சினார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

பக்கத்துக் கிராமமான பெருமுக்கல்லிலிருந்து வந்த என் சிநேகிதி மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. அவள் சென்டர் ஹாஃப், நடுவில் நின்று ஆடுபவள். டவுன் பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே ஸ்டிக்கை நீட்டிக்கொண்டு வருவாள், கண்டக்டர் தினமும் திட்டுவார். அவளுடைய மாமா மெட்ராஸிலிருந்து வாங்கி வந்த ஸ்டிக் அது. பிடி தேய்ந்தபோது அவள் அப்பா பழைய சைக்கிள் ட்யூபை நாடா நாடாக வெட்டி இறுக்கிச் சுற்றிக் கொடுத்திருந்தார். என்னுடையது பள்ளிக்கூடத்து ஸ்டிக். விரிசல் விட்டு, கம்பி கட்டி, அதுவும் பத்தாவது முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டியது.

பத்தாவது பரீட்சை முடிந்த மே மாதம் விழுப்புரத்தில் ஒரு செலக்‌ஷன் வந்தது. மெட்ராஸில் பெண்களுக்கான விளையாட்டு விடுதி, அங்கேயே தங்கி மேலே படிக்கலாம், காலையும் மாலையும் கோச் வைத்து ஆட்டம். எங்கள் மாவட்டத்திலிருந்து நான்கு பேரை எடுப்பார்கள். அவளுக்கு அனுமதி கேட்க நானும் பெருமுக்கல் போயிருந்தேன். அவள் அப்பா மல்லாட்டை மூட்டையை (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர் அது) தைத்துக்கொண்டே சொன்னார்:

“இந்த ஒரு தபா போய்ட்டு வா. எடுத்தாங்கன்னா மெட்ராஸுக்குப் போயிப் படி, நான் குறுக்க நிக்க மாட்டேன். எடுக்கலன்னா அத்தோட கட்டைய மூலைல வச்சிட்டு அம்மாவோட கொல்லை வேலைக்கு வா. நடுவுல ஊசலாடிக்கினு இருக்கிறது வேணாம்.”

அவள் சரி என்றாள். மறுபேச்சு இல்லை. எனக்குத்தான் உட்கார முடியவில்லை, எழுந்து வாசலுக்குப் போனேன்.

எங்கள் பி.டி. டீச்சர் பிரசவ லீவில் இருந்தார். அதனால் ஹெட்மிஸ்ட்ரஸ் கொடுத்த கடிதத்தை எடுத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் மட்டுமே முதல் பஸ்ஸில் விழுப்புரம் போனோம். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த மைதானம். கடலூர், பண்ருட்டி, கோலியனூர் என்று பல பக்கத்திலிருந்தும் ஐம்பது பெண்களுக்குக் குறையாமல் வந்திருந்தார்கள். மெட்ராஸிலிருந்து இரண்டு ஆண்கள், ஒரு பெண் என்று மூன்று செலக்டர்கள். அவர்களில் வயதானவர் காலையிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

“நாலு பேரு, ஒரு ரிசர்வ். சாயந்திரம் பேரு படிப்போம். படிச்ச எடத்துலயே ஃபார்ம்ல கையெழுத்துப் போடணும். ஆறு மணி ட்ரெயின்ல ஃபார்மோட நாங்க போயிடுவோம். ஆள் இல்லன்னா அந்த எடம் ரிசர்வுக்கு.”

காலையில் ஆளுக்கு அரை மணி நேர ஆட்டம். என் சிநேகிதி ஆடும்போது வயதானவர் பென்சிலை எடுத்து ஏதோ எழுதினார். அதற்குப் பிறகு தயிர்சாதப் பொட்டலம் கொடுத்தார்கள். சாப்பிட்டுவிட்டு மறுபடி இறங்கினோம். மண் கொதித்தது, கேன்வாஸ் ஷூவைத் தாண்டிச் சுட்டது.

மதியத்துக்கு மேல் நடந்ததுதான் என் கணக்கைக் கெடுத்தது. மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். “லெஃப்ட் அவுட், இன்னொரு தபா ஓடு.” “திரும்ப அடி.” “இந்தப் பக்கம் வந்து ஆடிக் காட்டு.” செலக்டர்களில் இருந்த அந்த அம்மா நாற்காலியை விட்டு எழுந்து கோட்டோரமாக நின்றே என்னைப் பார்த்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அதே நேரம் என் சிநேகிதியிடம் பந்து போனால் அவர்கள் தண்ணீர் குடித்தார்கள், பேப்பரைப் புரட்டினார்கள், வேறு பக்கம் பார்த்தார்கள். நாலு மணிக்கு ஒருவர், “நீ போயி உக்காரும்மா, போதும்” என்று அவளை அனுப்பிவிட்டார். நான் மனசுக்குள் அவள் பேரை அடித்துவிட்டேன்.

ஆட்டம் முடிந்தது. செலக்டர்கள் தலையைக் குனிந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வேப்பமரத்தடியில் இருந்தோம். அவள் உட்கார்ந்திருந்தாள், நான் நடந்துகொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவள் கேட்டாள்.

“சொல்லுடி. உன் லிஸ்ட்ல நான் கீறனா?”

தெரியலடி என்று சொல்லியிருக்கலாம். இன்னும் அரை மணி நேரத்தில் அவர்களே சொல்லப்போகிறார்கள். ஆனால் இந்தப் பாழாய்ப்போன வாய் இருக்கிறதே.

“எடுக்க மாட்டாங்கடி. மதியத்துக்கு மேல உன்ன யாரும் பாக்கவே இல்ல.”

“நெசமாவா?”

“என்னிக்காவது நான் தப்பா சொல்லிக்கீறனா?”

அவள் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தாள். கொஞ்ச நேரம் அவிழ்த்துக்கொண்டே இருந்தாள். ராத்திரி எங்கள் வீட்டில் தங்குவதாகத்தான் பேச்சு. ஆனால் அவள் எழுந்து பையை மாட்டிக்கொண்டாள்.

“அப்ப நான் போறேன். அஞ்சரை பஸ்ஸப் புடிச்சா ஏழு மணி டவுன் பஸ்ல வீட்டுக்கே போய்டலாம். பேரு இல்லன்னு இங்க நின்னு காதால கேக்க வேணாம். நீ கேட்டுக்கினு வா.”

“ஜல்தி போ, எடம் கெடைக்காது” என்று அனுப்பி வைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வரை என் மனசில் கள்ளம் இல்லை. அவளுக்காக வருத்தமாகத்தான் இருந்தது. என் பேர் லிஸ்டில் இருக்கிறது என்ற சந்தோஷத்துக்கு நடுவில் கொஞ்சம் வருத்தம்.

பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. வயதான செலக்டர் எழுந்து விசில் ஊதினார். எல்லோரும் ஓடிப் போய் நின்றோம். அவர் பேப்பரைப் பிடித்துக்கொண்டு படித்தார். முதல் பேரே என் சிநேகிதியுடையது.

இரண்டாவது கோலியனூர்ப் பெண் ஒருத்தி. மூன்றாவது, நாலாவது கடலூர்க்காரிகள். கடைசியாக, “ரிசர்வ்” என்று சொல்லி என் பேரைப் படித்தார்.

நின்ற இடத்திலேயே எல்லாம் விளங்கியது. சந்தேகம் இருக்கிற ஆளைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். காலையிலேயே முடிவாகிவிட்டவளை மதியத்துக்கு மேல் எதற்குப் பார்க்க வேண்டும்? எத்தனை செலக்‌ஷன் பார்த்தவள் நான், இந்தச் சின்ன விஷயம் என் மண்டையில் ஏறவில்லை.

கையெழுத்துக்குக் கூப்பிட்டார்கள். வயதானவர் என் சிநேகிதியின் பேரை ஒரு தடவை கூப்பிட்டார், இரண்டாவது தடவையும் கூப்பிட்டார். பதில் இல்லை.

“காலைலயே டிக் பண்ண பொண்ணு, எங்க போச்சு? கூட வந்தது யாரு?”

நான் கையைத் தூக்கினேன். “வீட்டுக்குப் போயிட்டா சார்.”

“எப்போ?”

அவர் கையில் பேப்பர் இருந்தது, மணிக்கட்டில் வாட்ச். என் முகத்துக்கு நேரே இருந்தது. ஐந்து இருபது. பஸ் ஸ்டாண்டு அங்கிருந்து ஓடினால் ஐந்து நிமிஷம். என் ஓட்டத்துக்கு நாலு. பஸ் ஐந்தரைக்கு முன்னால் எடுக்கமாட்டான், கண்டக்டர் இன்னும் ஆள் கூவிக்கொண்டிருப்பான். “இதோ சார், இட்டுக்கினு வர்றேன்” என்று ஒரு வார்த்தை. அதற்குத்தான் வாயைத் திறந்தேன்.

“அப்பவே சார்” என்றேன்.

அந்த அம்மா என்னைப் பார்த்து, “யாரையாவது அனுப்பிப் பார்க்கலாமா?” என்று கேட்டார். “அப்பவே போயிட்டான்னு சொல்றாளே” என்று வயதானவர் ஃபார்மை என் பக்கம் நகர்த்தினார். நான் கையெழுத்துப் போட்டேன். ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

மற்றவர்கள் கிளம்பிய பிறகும் நான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போகவில்லை. அவள் பஸ் போய்த் தொலையட்டும் என்று மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். ஆறு மணிக்கு ரயில் கூவிக்கொண்டு போனது. அதற்குப் பிறகுதான் பஸ் ஏறினேன். உட்கார இடம் இருந்தது, திண்டிவனம் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன்.

மறுநாள் காலையில் முதல் டவுன் பஸ்ஸில் பெருமுக்கல் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அவள் அம்மாவோடு உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“இன்னாடி ஆச்சு? உன் பேரு வந்திச்சா?”

“வந்திச்சு.”

“நான் நெனச்சேன்டி.” என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் கையெல்லாம் மல்லாட்டைத் தோல். “நீ சொன்னாப்பலயே தானே லிஸ்ட்டு?”

அவள் அப்பா மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே இந்தப் பக்கம் திரும்பினார். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

“ஆமா” என்றேன்.

“வுடு. நீயாவது போயி ஆடு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் ஸ்டிக் இருந்தது. “உன்னுத ஸ்கூல்ல வாங்கிக்குவாங்க. இத எடுத்துக்கினு போ. எனக்கு எதுக்கு இனிமே?”

வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லவில்லை.

ஜூன் மாதம் மெட்ராஸ் போனேன். விடுதியில் வெள்ளைத் துணி டேப் கொடுத்தார்கள். சைக்கிள் ட்யூப் நாடாவின் மேலேயே அதைச் சுற்றி, மறந்து வேறு யாரும் எடுத்துவிடாமல் இருக்க மையால் என் பேரை எழுதினேன். நன்றாகத்தான் ஆடினேன். கோச் என்னை உற்றுப் பார்க்கும்போது மட்டும் பந்தை வேறு யாருக்காவது தட்டிவிடுவேன். கோலியனூர்க்காரி என் பக்கத்துக் கட்டில். ஒருநாளும் அந்தச் சாயங்காலத்தைப் பற்றி நாங்கள் பேசவில்லை. அவளுக்கு அதில் பேச ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

தீபாவளி லீவுக்கு இரண்டு பேரும் ஊருக்கு வந்தோம். லீவு முடிய ஒருநாள் இருக்கும்போது, காலை பத்து மணிக்கு என் சிநேகிதி எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். வெயிலில் கறுத்திருந்தாள். அம்மா, “வாம்மா, உள்ள வந்து உக்காரு” என்றார்கள். “இல்லீங்க, பஸ்ஸுக்குப் போவணும்” என்று படியிலேயே நின்றுகொண்டாள். அம்மா அடுப்பைப் பார்க்கப் போனதும் என் பக்கம் திரும்பினாள்.

“கோலியனூர்ப் பொண்ணப் பஸ்ல பாத்தேன். மொதப் பேரே என் பேரு தானாமே.”

அம்மா காதில் விழுந்துவிடுமோ என்று நான் அடுப்படிப் பக்கம் பார்த்தேன்.

“அப்பவேன்னு சொன்னியாமே.”

“ஏய், நான் வந்து...”

“அன்னிக்கி பஸ்ஸு ஸ்டார்ட் ஆவல. தள்ளி வுட்டு எடுக்க ஆறு மணி ஆச்சு. நான் ஜன்னலோரம்தான் உக்காந்துகினு இருந்தேன். பேரு படிச்சதும் நீ ஓடி வருவ, உன் பேரு வந்ததச் சொல்லுவன்னு ரோட்டையே பாத்துக்கினு இருந்தேன்.”

அவள் குரல் உயரவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திரும்பச் சொல்லியிருப்பேன், எனக்கு அது வரும்.

“ஸ்டிக்கக் குடு” என்றாள். “மாடு ஓட்டறதுக்காவது ஆவும்.”

உள்ளே போய் எடுத்து வந்தேன். வாங்கித் திருப்பிப் பார்த்தாள். என் பேரைப் படித்தாள். வெள்ளை டேப்பின் நுனியை நகத்தால் கிளப்பி, அவசரமே இல்லாமல் சுற்றுச் சுற்றாக உரித்தாள். அடியில் அவள் அப்பா சுற்றிய கறுப்பு நாடா அப்படியே இருந்தது. உரித்த டேப்பைச் சுருட்டி என் கையில் வைத்தாள்.

“இது உன்னுது” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள். நான் டேப்பை வைத்துக்கொண்டு, அவள் தெருமுனை திரும்புகிற வரைக்கும், நின்ற இடத்தைவிட்டு அசையாமல் நின்றேன்.