மெத்தைக் கிடங்கில் ஒரு நேரலை

பெரிய மெத்தைகளாகப் பார்த்துச் சுவரோரம் நிறுத்தி, ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் தட்டுகிறாள் என் மருமகள். நடுவில் நின்று சத்தமாகக் கைதட்டிப் பார்க்கிறாள். எதிரொலி இல்லை. "ஸ்டுடியோ ரெடி மாமா. இருமுறதா இருந்தா இப்பவே இருமிடுங்க."

எங்கள் மெத்தைக் கிடங்கில் ஞாயிறு மாலைதோறும் நடக்கும் சங்கதி இது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஒற்றை ஊசியோடு தொடங்கி இந்தக் கடையை எழுப்பினேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் தொட்டுப் பார்த்தே பஞ்சின் வயதைச் சொல்வேன். ஆனால் இந்தக் கிடங்குக்குள் ஆப்பிரிக்க எழுத்தாளர்கள் வந்து பேசுவார்கள் என்று எந்தச் சோசியனும் எனக்குச் சொல்லவில்லை.

பகலெல்லாம் மருமகள் கடையில் மெத்தை உறை தைப்பாள். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நாவல் கேட்பாள். திடீரென்று தையலை நிறுத்தி, "அடப்பாவி, அவள விட்டுட்டுப் போயிட்டானே!" என்பாள். கட்டில் பார்க்க வந்த புதுத் தம்பதி ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும்.

அந்த நாவலை எழுதியவரையே ஞாயிற்றுக்கிழமை நேரலைக்குக் கணினித் திரையில் கூப்பிட்டுவிடுவாள். அவரிடம் ஆங்கிலத்தில் பேசுவாள், பார்ப்பவர்களுக்குத் தமிழில் சொல்வாள். "ஆப்பிரிக்காக்காரர் என்னம்மா சொல்றார்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "கானாக்காரர் மாமா. உங்கள யாராச்சும் 'ஏ ஆசியாக்காரரே'ன்னு கூப்பிட்டா திரும்பிப் பாப்பீங்களா?" என்னை எதிர்த்துப் பேச இந்த வீட்டில் அவளுக்குத்தான் தைரியம். பார்த்துக் கட்டிவைத்தவன் நானல்லவா!

யார் வந்தாலும் அவள் முதல் கேள்வி ஒன்றுதான்: கதையில் யார் எங்கே படுக்கிறார்கள்? "மெத்தைக்கடை புத்தி போகுமா?" என்பான் என் மகன். "யாருக்குக் கட்டில், யாருக்குத் தரைன்னு தெரிஞ்சா போதும், அந்த வீடே தெரிஞ்சிடும்" என்பாள்.

போன வாரம் வந்தவர் இன்னொரு கானாக்காரர். ஒரு வருடம் விடாமல் கேட்டுக் கேட்டுச் சம்மதிக்க வைத்திருந்தாள். கேள்வி பிடிக்காவிட்டால் திரையை அணைத்துவிட்டுப் போகிற மனிதராம். அன்று நேரலை பார்க்க வந்த கூட்டமும் அதிகம். "இன்னிக்கு ஒருநாளாவது அந்தக் கட்டில் கேள்விய விட்டுடு தாயே" என்று என் மகன் கும்பிட்டான். "சரி சரி" என்றாள். திரை ஒளிர்ந்தது. வணக்கம் சொன்னாள். அதே கேள்வியைக் கேட்டாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். என் மகன் முகத்தை மூடிக்கொண்டான்.

பிறகு அவரிடமிருந்து ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், மெத்தைகளையும் மீறிக் கிடங்கு அதிர்ந்தது.

"எல்லாரும் எங்கிட்ட போரப் பத்திக் கேப்பாங்க, பஞ்சத்தப் பத்திக் கேப்பாங்க, என் கதையில இருக்குற கட்டில இப்பத்தான் ஒருத்தங்க கேக்குறாங்கன்னு சொல்றார்" என்று தமிழில் சொன்னாள் அவள்.

ஒரே கட்டிலில் சுவரோர இடத்துக்குச் சண்டை போடும் மூன்று சகோதரிகளைப் பற்றி அவர் சொல்லத் தொடங்கினார். அடுத்த கேள்வி, அடுத்த கேள்வி என்று என் மகன் சைகை காட்டினான். அவள் திரும்பவேயில்லை. செருப்பை உதறினாள். கீழே கிடந்த ஒரு மெத்தைமேல் ஏறிக் கால்களை மடக்கி உட்கார்ந்து, ஒரு தலையணையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.