பாவு கட்டிய ரோடு

எங்கள் அம்மாபேட்டைத் தெருவுக்கு ரோடு போட்டபோது ஓவர்சியர் எல்லோரையும் கூட்டிவைத்துச் சொன்னார்: "இனிமே ஆத்திர அவசரத்துக்கு ஜட்கா வண்டி உங்க வாசலுக்கே வரும்." ஜட்கா வந்ததோ இல்லையோ, பாவு வந்துவிட்டது. நெய்வதற்கு முன் நூலை நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போட, இவ்வளவு நேரான, மேடு பள்ளமில்லாத இடம் எங்கள் ஆட்களுக்கு அதுவரை கிடைத்ததில்லை. புதுக் கப்பிக் கல்லைப் பெயர்த்து மூங்கில் நட்டார்கள். விளக்குக் கம்பத்தில் கயிற்றைக் கட்டி இறுக்கினார்கள். ஓவர்சியர் வந்து கத்திப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். நாங்கள் கைகொட்டிச் சிரித்தோம். யாரோ துரை போட்ட ரோட்டை எங்களுடையதாக்கிக்கொண்டதில் எனக்கும் பெருமைதான்.

அந்தப் பெருமையில் மண் விழுந்தது என் அக்காவின் தலைப்பிரசவத்தின்போது.

பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். முந்தின நாளே வலி கண்டும் பிள்ளை இறங்கவில்லை. காலையில் மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். "என்னால ஆகாதுங்க, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க" என்றாள். ஜட்கா தெருமுனை வரைக்கும் வந்து நின்றது. அதற்கு மேல் வர வழியில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் பாவு, தெரு நெடுக ஈரக் கஞ்சியோடு நின்றது. இருபுறமும் ஆண்கள் பாவாற்றி என்கிற பெரிய பிரஷ்ஷைப் பிடித்து நூலை நீவிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் அப்பா.

பாவைக் கழற்றச் சொல்லி அம்மா கெஞ்சினாள். பாதியில் கையை எடுத்தால் நூல் ஒன்றோடொன்று ஒட்டி மொத்தமும் பாழாகிவிடும். அது எங்களுக்கும் தெரியாததா? ஒருவர் வீட்டுப் பாவுக்குத் தெருவே கை கொடுக்கும். பாதியில் விட்டுப் போனவன் வீட்டுக்கு அப்புறம் எவனும் வரமாட்டான். அப்பா நீவுவதை நிறுத்தாமலே அக்காவிடம் சொன்னார்: "கஞ்சி ஈரம் சாமி. ஓரமா நடந்து போயிரு."

அப்படியேதான் அவளை நடத்திக்கொண்டு போனோம். பாவுக்கும் சுவருக்கும் நடுவே, சாக்கடை ஓரமாக, ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் நான். வலி வந்தபோதெல்லாம் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நிலைமையிலும் பாவின் மேல் கை படாமல் பார்த்துக்கொண்டாள். ஆம்பிளைகள் ஒதுங்கி வழி விட்டார்கள். ஒருவராவது பிரஷ்ஷைக் கீழே போட வேண்டுமே! "பாத்துப் போங்க, பாத்துப் போங்க" என்றார்கள். அவள்மேல் இருந்த அக்கறையா அது? நூல்மேல் இருந்த அக்கறை. ஓவர்சியரைத் திட்டி என்ன பண்ண? அவர் போட்ட ரோடு சரியாகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்தது. அழவில்லை. கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் என்று டாக்டர் சொல்லத் தொடங்கி, அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

சாயந்தரம் அப்பா வந்து கட்டிலருகே நின்றார். முழங்கையில் கஞ்சி காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. அவரைக் கேட்க வேண்டியதையெல்லாம் நான் நாக்கு நுனியில் வைத்திருந்தேன். அந்த வார்டே அதிரும்படி கத்தியிருப்பேன். அதற்குள் அக்கா கண்ணைத் திறந்தாள்.

"பாவு கெட்டுப் போகலையேப்பா?" என்று கேட்டாள்.

"இல்ல சாமி. நல்லா வந்துச்சு" என்றார் அப்பா.