சப்பாத்துக் கழற்றியவளின் சிலை

கனடாவில், வெக்ஸ்போர்டில் கார் திருத்தும் கடைகளுக்குப் பின்னால் ஒரு நீளக் கட்டடம். அதில் ஒரு அறை என் தையல் கடை. சாறி பிளவுஸ், பாவாடை, கலியாணத்துக்கு முதல்நாள் இடுப்பு இறுகிப்போன லெஹங்கா, எல்லாவற்றையும் தைப்பேன், பிரிப்பேன். பக்கத்து அறையில் ஒரு சிற்பி இருந்தார். எழுபதைத் தாண்டிய மனுசன். "ஸ்பெயின்காரரோ?" என்று முதல்நாளே கேட்டுவிட்டேன். முகம் சிவந்துபோய், "இல்லை, கத்தலான். ஸ்பெயினுக்குள்ள நாங்கள் வேற சனம், வேற மொழி" என்றார். அப்போதே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. என்னை யாராவது "சிங்களமோ?" என்று கேட்டால் நானும் அப்படித்தான் முகத்தைக் காட்டுவேன்.

நாங்கள் பேசியதெல்லாம் உடைந்த ஆங்கிலத்தில். அதை அப்படியே எழுதினால் இரண்டு பேருக்கும் மரியாதையில்லை. ஆகையால் இங்கே அவரையும் யாழ்ப்பாணத்தானாக்கி விடுகிறேன். கோபிக்கமாட்டார். கோபித்தாலும் பரவாயில்லை.

ஒருநாள் ஏதோ சிலைக்குப் போர்த்தவென்று ஒரு நீளத் துணிக்கு ஓரம் அடிக்கத் தந்திருந்தார். அடித்து எடுத்துக்கொண்டு போனேன். வெளியே ஸ்நோ கொட்டிக் கிடந்தது. அவருடைய வாசலில் ஒரு வாளி கவிழ்த்திருந்தது. அதில் குந்தியிருந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினேன். உள்ளே நிலமெல்லாம் களிமண்ணும் கம்பித்துண்டும். அதற்குள் வெறுங்காலோடு போவது விசர் வேலை என்று எனக்கே தெரியும். என்றாலும் வாசல் என்றால் எங்களுக்குச் சப்பாத்தோடு உள்ளே போக மனம் வராது. ஒன்று கழன்று கையில் இருந்தது. மற்றதின் இழுத்துப் பூட்டுகிற சிப், ஸ்நோவுக்கு றோட்டில் கொட்டுகிற உப்பில் இறுகிவிட்டது. தலையைத் தொங்கப்போட்டு, வாய்க்குள் திட்டிக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தேன்.

"அசையாதேங்கோ!" என்று உள்ளிருந்து கத்தினார். கோதாரி, எலியாக்கும் என்று நினைத்தேன். பார்த்தால், மனுசன் பென்சிலால் தாளில் என்னைக் கீறிக்கொண்டிருக்கிறார்.

அந்தக் குளிர் முழுக்க, கடை பூட்டுகிற திங்கட்கிழமைகளில், அவர் களிமண்ணில் சிலை செய்ய, நான் அந்த வாளியில் குனிந்திருந்தேன். ஏன் ஒத்துக்கொண்டேன் என்று இன்றைக்கும் வீட்டில் கேட்கிறார்கள். சொல்கிறேன், எனக்கு ஆசையாக இருந்தது. ஐம்பது வயதில் என் குதிக்காலை ஒருவர் இவ்வளவு கவனமாகப் பார்ப்பார் என்று நான் நினைத்திருக்கவில்லை. பித்தவெடிப்பைக்கூட விடவில்லை. ஊசி பட்டுத் தடித்த விரல், சொக்ஸ் அழுத்திய தழும்பு, எல்லாம் மண்ணில் அப்படியே வந்தது. கையில் பிடித்த சப்பாத்தும் வந்தது.

மண்ணைப் பிசைந்துகொண்டே தன் கதை சொல்வார். தகப்பன் கோயில் ஊர்வலங்களுக்குப் பிளாஸ்டரில் புனிதர்கள் வார்த்தவராம். சர்வாதிகாரி காலத்தில் பள்ளிக்கூடத்தில் தாய்மொழி பேசினால் அடி விழுமாம். பிறகு ஒருத்தியை நம்பிக் கனடாவுக்கு வந்தாராம். அவள் போய்விட்டாள், அவர் நின்றுவிட்டார். அவருடைய கும்பிடுதெய்வம் அவர் ஊரில் நூறு வருசத்துக்கு முந்தி இருந்த ஒரு பெரிய சிற்பி. அந்தச் சிற்பியின் சிலை ஒன்றைப் படத்தில் காட்டினார். முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு வெள்ளைக் கல்லில் சுருண்டு கிடக்கிற ஒரு பெண்.

"உடம்பைப் பாருங்கோ, உள்ளது உள்ளபடி. ஆனால் அது ஒரு பெட்டை இல்லை, மனிசரின்ர முழுத் துயரமும்" என்றார்.

"ஆர் அந்தப் பெட்டை?"

"தெரியாது."

"அப்ப அவளுக்குத் துயரம் எண்டு எப்பிடித் தெரியும்? நாரி பிடிச்சிருக்கும், முதுகு நிமித்தேலாமல் கிடக்கிறாளாக்கும்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பனி கரைகிற நேரம் ஒரு திங்கட்கிழமை போனேன். சிலையின் கையில் சப்பாத்தைக் காணவில்லை. சுரண்டி எடுத்துவிட்டார். கை வெறுமனே தொங்கியது. காலடியில் வாடிய பூ ஒன்று. அடித்தட்டில் பெயரும் கீறியாயிற்று: துயரம்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"என்ர சப்பாத்து எங்க?"

"அது சின்ன விசயம். அது இருந்தால் சிரிப்பினம். இப்ப பாருங்கோ, நாடு இழந்த ஒரு தாய்..."

"நான் எதையும் இழந்துபோய்க் குந்தியிருக்கேல்லை. சிப் இறுகினதால இருந்தனான்."

"உங்களுக்குத் துயரமே இல்லையோ?"

இருக்கிறது. ஏன் இல்லாமல்? என் தம்பி ஊரில் நடந்த கடைசிச் சண்டையில் போனவன், வரவேயில்லை. அதற்கு நான் அழுகிற நேரம் வேறு, இடம் வேறு. இந்த மனுசனுக்கு முன்னால் ஒருநாளும் அழவில்லை. என் குதிக்காலைத்தான் இரவல் கொடுத்தேன். தம்பியைக் கொடுக்கவில்லை. இந்த நாட்டில் எங்களை எங்கே கண்டாலும் முதலில் "பாவம்" என்கிறார்கள். உழைத்துக் கடை வைத்தாலும் பாவம், வரி கட்டினாலும் பாவம். இனி வெண்கலத்தில் வார்த்தும் பாவமா?

"உங்கட மொழிக்கு அடிச்சவங்களுக்கு முன்னால நீங்கள் குனிஞ்சு அழுதனீங்களோ?" என்று கேட்டேன்.

"இல்லை. இன்னும் பலமாய்க் கதைச்சனான்."

"அப்ப என்னை மட்டும் ஏன் அழவிடுறியள்? சப்பாத்தை வையுங்கோ, இல்லாட்டி பேரை அழியுங்கோ."

மனுசன் கையில் ஒட்டிய மண்ணைத் துடைத்தார். பிறகு மெல்ல, "உடம்பு உங்கட. சிலை என்ர" என்றார். சப்பாத்து இல்லாமலே அது வார்ப்புக்குப் போனது.

கண்காட்சி நகரத்துக்குள் ஒரு சின்ன மண்டபத்தில். நான் கடையைப் பூட்டினேன். என் வாடிக்கைக்காரர் எல்லாருக்கும் போன் அடித்து, "வந்து பாருங்கோ, நான்தான்" என்றேன். நல்ல சாறி ஒன்றைக் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து, சிலைக்குப் பக்கத்திலேயே நின்றேன். வருகிறவர்கள் தலையைச் சாய்த்து, குரலைத் தாழ்த்தி, அந்தப் "பாவம்" முகத்தைப் போடுவார்கள். "இது நான். அழேல்லை. சப்பாத்துக் கழட்டினனான்" என்று நான் சொல்வேன், அவர்களுக்கு விளங்கும் மொழியில். சிலர் சிரித்தார்கள். சிலர் பயந்து விலகினார்கள். மனுசன் மூலையில் நின்று கோபமாகப் பார்த்தார். என்னை வெளியே போகச் சொல்ல அவருக்குத் துணிவு வரவில்லை.

பின்னேரம் மல்வேர்னில் இருந்து ஒரு அன்ரி வந்தா. வருசக்கணக்காக என்னிடம் பிளவுஸ் தைக்கிறவ, கையை இறுக்கிவிட்டேன் என்று ஒவ்வொரு முறையும் சண்டை பிடிக்கிறவ. சிலையைப் பார்த்தா. என்னைப் பார்க்கவேயில்லை. கிட்டப் போய் அந்த வெறுங்கைக்குள் தன் கையை வைத்தா.

"என்ர மூத்தவள் இப்பிடித்தான், பிள்ளை, குந்தியிருந்தவள். கடைசியாய்க் கண்ட அண்டைக்கு" என்று சொல்லிவிட்டு, ஓவென்று அழத் தொடங்கினா.

சப்பாத்து இருந்திருந்தால் அந்தக் கைக்குள் இடம் இருந்திராது. எனக்கு அது தெரிந்தது. மூலையில் நின்ற மனுசனுக்கும் தெரிந்தது. பார்த்தாயா என்று கேட்கிற மாதிரி அங்கிருந்தே என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. அன்ரியின் தோளைச் சுற்றிக் கையைப் போட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அந்த நேரம் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்தார்கள். சிலையைப் பார்த்து, அன்ரியைப் பார்த்து, என்னைப் பார்த்து, மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து அந்த முகத்தைப் போட்டார்கள்.

"இவ அழுறா. இவவின்ர மகள் இப்ப இல்லை. நான் அழேல்லை" என்றேன். "நாங்கள் வேற வேற ரெண்டு பேர்."